பிரிட்ஸ் சுவிக்கி
பிரிட்ஸ் சுவிக்கி (பெப்ரவரி 14, 1898 – பெப்ரவரி 8, 1974) பல்கேரியாவின் வர்னா நகரில் பிறந்த சுவிட்சர்லாந்து வானியலாளர் ஆவார். சூரிக்கில் கல்வி கற்ற இவர், 1925 இல் அமெரிக்காவின் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் இணைந்தார்.

ஒரு விண்மீனின் ஈர்ப்பு, பின்னாலுள்ள விண்மீனின் ஒளியை வளைத்துக் குவிப்பதைக் காணும் வாய்ப்பு மிகக் குறைவு என 1936 இல் ஐன்ஸ்டைன் கருதினார். நிறை மிகுந்த விண்மீன் பேரடைகள் ஈர்ப்பு வில்லைகளாகச் செயற்பட்டு, எட்டாத் தொலைவிலுள்ள பேரடைகளையும் பெரிதாக்கிக் காட்டும் என 1937 இல் சுவிக்கி எடுத்துரைத்தார். அத்தகைய முதல் வில்லை, இவர் இறந்து 5 ஆண்டுகளின் பின்னர் 1979 இல் கண்டறியப்பட்டது.

தூசியால் மறைக்கப்பட்ட, விண்மீன்கள் விரைவாக உருவாகும் தொலைதூரப் பேரடைகள் இம்முறையிலேயே 1997 இல் முதன்முதலாக அறியப்பட்டன. பேரடைக் கொத்துகளே அதற்கு வில்லைகளாக உதவின.