கணவாய்க்கு அந்தப் பக்கம் ஜெயித்த தமிழர்!

குட்டீஸ், கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்கு ரயிலில் போயிருக்கிறீர்களா? போத்தனூர், எட்டிமடை, வாளையாறு என்று வண்டி ஓடும். இரண்டு பக்கமும் மலைகள் தெரியும். நடுவில் மட்டும், போய் வாருங்கள் என்று மலையே ஒதுங்கி வழிவிட்டது போல ஓர் இடைவெளி! அதுதான் பாலக்காட்டுக் கணவாய். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் சிலுசிலுவென்று காற்று முகத்தில் அடிக்கும்.

கணவாயைத் தாண்டினால் மொழி மாறிவிடும். கடைப் பலகை எல்லாம் மலையாளம். பாலக்காட்டைத் தாண்டி இன்னும் போனால் மலப்புறம் மாவட்டம் வரும். அங்கே மஞ்சேரி என்று ஓர் ஊர்.

இப்போது ஒரு புதிர். மலையாளம் பேசும் அந்த மஞ்சேரி மக்கள், சென்னையில் குடியிருந்த ஒரு தமிழரைத் தங்கள் எம்.பி.யாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு முறை அல்ல, 1962, 1967, 1971 என்று மூன்று முறை! யார் அவர்? ஏன் அவரைத் தேடிப் பிடித்து ஓட்டுப் போட்டார்கள்?

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். அவர் பெயர் முகம்மது இஸ்மாயில். மக்கள் அன்போடு வைத்த பெயர் காயிதே மில்லத். சமுதாயத்தின் வழிகாட்டி என்று அதற்குப் பொருள். இரண்டாவது கேள்விக்குப் பதில் வேண்டுமானால் அவருடைய கதையை முழுவதும் கேட்க வேண்டும்.

அம்மா தந்த பாடம்

திருநெல்வேலிக்குப் பக்கத்தில் பேட்டை. அங்கே 1896 ஜூன் 5ஆம் தேதி பிறந்தார் இஸ்மாயில். அப்பா பெயர் மியாகான் ராவுத்தர். ராவுத்தர் என்ற பெயர் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் புதிதல்லவே! பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம் எங்கும் ராவுத்தர் குடும்பங்கள் உண்டு. குதிரை வீரர், குதிரை வியாபாரி என்ற பொருளில் வந்த பெயர் அது.

அப்பா மார்க்கக் கல்வி கற்றவர். ஆனால், இஸ்மாயில் சின்னப் பையனாக இருக்கும்போதே அவர் இறந்துபோனார். அம்மாதான் வளர்த்தார். அரபு எழுத்தும் மார்க்கப் பாடமும் அந்தப் பையனுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அம்மாதான்.

முஸ்லிம் வீடுகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. கோட்டைமேட்டில் உங்கள் சிநேகிதன் வீட்டுக்குப் போனால் நீங்களே பார்க்கலாம். சாப்பிடத் தொடங்கும்போது பிஸ்மில்லாஹ் என்பார்கள். இறைவன் பெயரால் தொடங்குகிறேன் என்று அர்த்தம். சாப்பிட்டு முடித்ததும் அல்ஹம்துலில்லாஹ் என்பார்கள். எல்லாப் புகழும் இறைவனுக்கே என்று அர்த்தம். தட்டில் பிரியாணி இருந்தாலும் சரி, பழைய சோறு இருந்தாலும் சரி, சொல்லும் வார்த்தை ஒன்றுதான்!

இந்த நன்றி உணர்வுக்கு அரபியில் ஷுக்ரு என்று பெயர். நன்றியை வாயால் சொன்னால் மட்டும் போதாது. மனத்தால் உணர வேண்டும், செயலால் காட்ட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லித் தருவார்கள். இஸ்மாயிலின் கதையே செயலால் நன்றி சொன்ன கதைதான்.

பதிமூன்று வயதில் ஒரு சங்கம்

1909ஆம் ஆண்டு. இஸ்மாயிலுக்கு 13 வயது. உங்களில் பலருடைய வயது! அந்த வயதில் அவர் தன் ஊரில் முஸ்லிம் இளைஞர்களுக்காக ஒரு சங்கத்தைத் தொடங்கினார். நாலு பேருக்கு உபயோகமாக இருக்க வேண்டும் என்ற லட்சியம் அப்போதே மனதில் விழுந்துவிட்டது.

பிறகு திருச்சியிலும் சென்னையிலும் கல்லூரிப் படிப்பு. பி.ஏ. பரீட்சை நெருங்கியது. அந்தக் காலத்தில் பி.ஏ. பட்டம் என்றால் லேசுப்பட்டதா? வெள்ளைக்காரர் ஆட்சியில் நல்ல உத்தியோகம் கிடைக்கும். குடும்பத்துக்கே கௌரவம்.

அப்போதுதான், 1920இல், காந்தியடிகள் ஒத்துழையாமை இயக்கத்தைத் தொடங்கினார். அரசாங்கப் பள்ளிகளையும் கல்லூரிகளையும் விட்டு வெளியே வாருங்கள் என்று மாணவர்களை அழைத்தார். 24 வயது இஸ்மாயில் யோசித்தார். பரீட்சையை எழுதாமலே வெளியே வந்துவிட்டார்!

படிப்பு வேண்டாம் என்று நினைத்தவர் அல்ல அவர். பிற்காலத்தில், நம் பிள்ளைகள் எல்லோரும் படிக்க வேண்டும் என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னவரே அவர்தான். ஆனால், தன் பட்டத்தைவிட நாடு பெரியது என்று அன்று அவருக்குத் தோன்றியது.

பிறகு பிழைப்புக்காகத் தோல் வியாபாரத்தில் இறங்கினார். ஈரோட்டுப் பக்கம் தோல் பதனிடும் தொழிற்சாலைகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தொழில்தான். சென்னைக்கு வெளியே அவர் குடியிருந்த குரோம்பேட்டைக்கும் அந்தப் பெயர் அங்கிருந்த குரோம் தோல் தொழிற்சாலையால் வந்ததுதான்.

போகாமல் நின்றவர்

அரசியலில் அவர் முஸ்லிம் லீக் கட்சியில் இருந்தார். 1946இல் சென்னை சட்டசபையில் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார்.

1947இல் நாடு விடுதலை பெற்றது. கூடவே இந்தியா, பாகிஸ்தான் என்று இரண்டாகவும் பிரிந்தது. பாகிஸ்தான் வேண்டும் என்று கேட்டது முஸ்லிம் லீக் கட்சி. அதன் பெரிய தலைவர்கள் பலர் பாகிஸ்தானுக்குப் போய்விட்டார்கள். இங்கேயே இருந்தவர்களைப் பலர் சந்தேகக் கண்ணோடு பார்த்தார்கள். வடக்கே கலவரம், கண்ணீர். எந்தப் பக்கம் திரும்பினாலும் பயம்.

இஸ்மாயில் என்ன செய்தார் தெரியுமா? எங்கும் போகவில்லை. பிறந்த மண்தான் தன் மண் என்று நின்றார். 1948 மார்ச் 10ஆம் தேதி சென்னையில் ஒரு கூட்டம் கூட்டினார். கட்சியைக் கலைத்துவிடலாம் என்று பலர் சொன்னார்கள். வேண்டாம், இந்திய நாட்டுக்கு உண்மையாக நடந்துகொண்டே நம் உரிமைகளை அமைதியாகக் கேட்போம் என்பது அவர் எண்ணம். அப்படிப் பிறந்ததுதான் இந்திய யூனியன் முஸ்லிம் லீக். அதன் தலைவராகக் கடைசி வரை இருந்தார்.

அப்போது மலபார் பகுதி சென்னை மாகாணத்தோடு சேர்ந்திருந்தது. அதனால் கணவாய்க்கு அந்தப் பக்கத்து மக்களுக்கும் அவர்தான் தலைவர். 1956இல் கேரளம் தனி மாநிலமான பிறகும் அந்தப் பாசம் அறுந்துபோகவில்லை.

தமிழுக்காக எழுந்த குரல்

நம் நாட்டுக்கு அரசியல் சட்டம் எழுதிய சபையிலும் இஸ்மாயில் உறுப்பினராக இருந்தார். நம் கொங்குச் சீமையிலிருந்து தி.அ. இராமலிங்கம் செட்டியார், சி. சுப்பிரமணியம் ஆகியோரும் அந்தச் சபையில் இருந்தார்கள்.

1949 செப்டம்பரில், நாட்டுக்கு ஆட்சிமொழி எது என்று சபையில் பெரிய விவாதம். சாதாரண ஜனங்கள் பேசும் இந்துஸ்தானியை நாகரி, உருது என்ற இரண்டு எழுத்திலும் எழுதலாம் என்றார் இஸ்மாயில். காந்தியடிகளின் விருப்பமும் அதுதான். அதோடு இன்னொன்றும் சொன்னார். பழமைதான் அளவுகோல் என்றால், இந்த மண்ணின் மிகப் பழைய மொழியான தமிழுக்கே அந்தத் தகுதி உண்டு என்று டில்லியில் எழுந்து நின்று வாதாடினார்! கோவையின் இராமலிங்கம் செட்டியாரும் அதே விவாதத்தில் தென்னாட்டு மக்களின் மனக்குறையை எடுத்துச் சொன்னார்.

தாய் தந்த மொழிக்கு இதைவிட எப்படி நன்றி சொல்வது?

எம்.பி.யும் மின்சார ரயிலும்

1952 முதல் 1958 வரை ராஜ்யசபா உறுப்பினர். பிறகு 1962 முதல் மஞ்சேரி எம்.பி. டில்லி வரை போய் வந்த தலைவர். அவருடைய வாழ்க்கை எப்படி இருந்திருக்கும்? வாசலில் வரிசையாகக் கார், பெரிய பங்களா என்றுதானே நினைக்கிறீர்கள்?

இல்லை! குரோம்பேட்டையிலிருந்து சென்னைக்குப் பஸ்ஸிலும் மின்சார ரயிலிலும் எல்லோரையும் போலப் போய் வந்தார் என்று அவரோடு பழகியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஷெர்வானி, தலையில் தொப்பி, முகத்தில் தாடி, அமைதியான பேச்சு. இதுதான் அவருடைய அடையாளம். பதவியை வைத்துத் தனக்குச் சொத்துச் சேர்த்துக்கொண்டார் என்று ஒருவர்கூடச் சொல்ல முடியாதபடி வாழ்ந்தார்.

தனக்கென்று ஒன்றும் கேட்காதவர், பிறருக்காகக் கேட்பதற்குக் கூச்சப்படவில்லை. பிள்ளைகள் படிக்கக் கல்லூரிகள் வேண்டும் என்று வசதி உள்ளவர்களைத் தூண்டிக்கொண்டே இருந்தார். கோழிக்கோடு பக்கத்தில் ஃபாரூக் கல்லூரி 1948இல் தொடங்கியது. சென்னையில் புதுக்கல்லூரியும் திருச்சியில் ஜமால் முகம்மது கல்லூரியும் 1951இல் தொடங்கின. இப்படிக் கல்விக்காக உழைத்த பெரியவர்களின் வரிசையில் அவருக்கும் இடம் உண்டு. பரீட்சை எழுதாமல் வந்தவர், எத்தனையோ பேர் பரீட்சை எழுத வழி தேடினார் பாருங்கள்!

ஒரே மகன்

1962 அக்டோபர். சீனப் படை நம் எல்லைக்குள் புகுந்தது. நாடு பதறியது. ஜனங்கள் பணம் கொடுத்தார்கள். தாய்மார்கள் கையில் கழுத்தில் கிடந்த நகையைக் கழற்றிக் கொடுத்தார்கள்.

இஸ்மாயிலுக்கு அப்போது 66 வயது. கொடுப்பதற்கு அவரிடம் தங்கம் வெள்ளி எதுவும் குவிந்து கிடக்கவில்லை. ஆனால், அதைவிடப் பெரிய செல்வம் ஒன்று இருந்தது. அவருக்கு ஒரே மகன். போர்முனைக்கு அனுப்புவதற்கு அந்த மகனைத் தருவதாகப் பிரதமர் நேருவுக்கு எழுதினார்!

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பதினைந்து வருஷங்களுக்கு முன்னால், இவர் யார் பக்கம் என்று சந்தேகப்பட்டவர்கள் இருந்தார்கள். அவர்களோடு அவர் சண்டை போடவில்லை. மேடை ஏறித் திட்டவும் இல்லை. நேரம் வந்தபோது தன் வீட்டின் ஒரே விளக்கை எடுத்து நாட்டின் முன் நீட்டினார். இந்த மண்ணில் வாழக் கிடைத்ததற்கு அவர் சொன்ன நன்றி அது.

புதிருக்கு விடை

1972 ஏப்ரல் 5ஆம் தேதி சென்னையில் அவர் காலமானார். அப்போதும் அவர் மஞ்சேரி எம்.பி.தான். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். ஐந்து வேளை தொழுதவர் அவர். கடவுளே இல்லை என்று சொன்னவர் நம் ஈரோட்டில் பிறந்த பெரியார். ஆனாலும், தள்ளாத வயதில் பெரியார் நேரில் வந்து அவருக்கு அஞ்சலி செலுத்தினார். கொள்கை வேறாக இருந்தாலும் நேர்மையை மதிக்கலாம் அல்லவா?

அவர் மறைந்த பிறகு, 1974இல் சென்னை அண்ணா சாலையில் தொடங்கிய அரசு மகளிர் கல்லூரிக்குக் காயிதே மில்லத் பெயர் வைக்கப்பட்டது. நம் ஈரோடு மாவட்டம் பெரியார் மாவட்டம் என்று அழைக்கப்பட்ட காலத்தில், நாகப்பட்டினம் மாவட்டத்துக்கு அவர் பெயர் இருந்தது. 1997இல் மாவட்டங்களுக்கு இருந்த தலைவர்களின் பெயர்களை எல்லாம் எடுத்தபோது அதுவும் போனது. கல்லூரியின் பெயர் இருக்கிறது. ஆயிரக்கணக்கான அக்காமார்கள் அங்கே படித்து வெளியே வந்திருக்கிறார்கள்.

இப்போது நம் புதிருக்கு வருவோம். மஞ்சேரி மக்கள் ஏன் அவருக்கு ஓட்டுப் போட்டார்கள்? அவருடைய கட்சிக்கு அங்கே செல்வாக்கு இருந்தது உண்மைதான். ஆனால், உள்ளூரில் அந்தக் கட்சிக்கு ஆளா இல்லை? கணவாய் தாண்டி ஒருவரைத் தேடுவானேன்? தனக்கென்று எதையும் எடுத்துக்கொள்ளாதவர், நம்முடையதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வார் என்று அவர்கள் நம்பினார்கள். நம்பிக்கைக்கு மொழி தடை இல்லையே!

குட்டீஸ், அடுத்த முறை பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டும்போது இந்தத் தமிழரை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் இன்று ராத்திரி ஒரு வேலை. உங்களுக்குக் கிடைத்திருக்கும் ஒரு நல்ல விஷயத்தை நினைத்துப் பாருங்கள். படிப்பாக இருக்கலாம், அம்மா கையால் சாப்பிடும் சாப்பாடாக இருக்கலாம். அதற்கு வாயால் ஒரு நன்றி சொல்லுங்கள். நாளைக் காலையில் செயலால் ஒரு நன்றி! படிக்கத் தெரியாத தாத்தாவுக்குப் பேப்பர் வாசித்துக் காட்டலாம். சாப்பிட்ட தட்டை நீங்களே கழுவி வைக்கலாம்.

செய்வீர்கள்தானே?