பால் முனி – வேடத்துக்குள் மறைந்த கலைஞர்

நடிகர்களில் இருவகையினர் உண்டு. தம் முகத்தையே முதலாகக் கொண்டு புகழ் ஈட்டுவோர் ஒரு வகை. தம் முகத்தை மறைத்து, ஏற்ற பாத்திரத்தின் முகத்தை மட்டுமே உலகுக்குக் காட்டுவோர் மற்றொரு வகை. பின்னவர் மிகச் சிலரே. அச்சிலருள் முன்னணியில் வைத்து எண்ணத் தக்கவர் அமெரிக்க நடிகர் பால் முனி. பெயரைக் கேட்டதும் நம் நாட்டுத் தவசி எவரோ என்று எண்ணிவிட வேண்டா. ‘முனி’ என்பது வீட்டார் அவரை அழைத்த செல்லப் பெயர். குடும்பப் பெயர் வைசன்பிரெண்ட்.

1895-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள், அப்போது ஆஸ்திரியப் பேரரசைச் சேர்ந்திருந்த லெம்பர்க் நகரில் அவர் பிறந்தார். இன்று அந்நகர் உக்ரைன் நாட்டில் லிவீவ் என்று வழங்குகிறது. பெற்றோர் இருவரும் யூதர். யித்திஷ் மொழியில் நாடகம் ஆடி ஊர் ஊராகச் சென்று பிழைத்தவர்கள். முனி சிறு பிள்ளையாக இருக்கையில் அக்குடும்பம் கடல் கடந்து அமெரிக்கா சேர்ந்தது.

அங்கும் அவர்கள் கைவிடாதது தாய்மொழி நாடகமே. பகலெல்லாம் தையற் கூடங்களிலும் தொழிற்சாலைகளிலும் உழைத்த குடியேறிகள், மாலையில் தம் மொழியைக் காதாரக் கேட்க அந்த அரங்குகளை நாடி வந்தனர். அவர்களுக்கு அது வெறும் பொழுதுபோக்கன்று. விட்டு வந்த வீட்டின் திண்ணை போன்றது. அத்திண்ணையே முனியின் பள்ளிக்கூடமாயிற்று. பன்னிரண்டு வயதில் எண்பது வயதுக் கிழவராக வேடமிட்டு அவர் மேடையேறினார். தாடி ஒட்டுவதையும், சுருக்கம் வரைவதையும், முதுகு கூனி நடப்பதையும் இளமையிலேயே பழகினார். பின்னர் நியூயார்க்கில் மாரிஸ் ஷ்வார்ட்ஸ் நடத்திய யித்திஷ் கலை அரங்கில் சேர்ந்து தேர்ச்சி பெற்றார். 1921-இல் அதே நாடக உலகைச் சேர்ந்த நடிகை பெல்லா பின்கெலை மணந்தார்.

ஆங்கில மேடையில் அவர் முதலில் நடித்தது 1926-இல். அப்போது வயது முப்பத்தொன்று. ‘வீ அமெரிக்கன்ஸ்’ என்னும் அந்நாடகத்திலும் அவருக்குக் கிடைத்தது குடியேறிய யூத முதியவர் வேடமே. 1929-இல் பேசும் படம் அவரை அழைத்தது. ‘பால் முனி’ என்னும் பெயரும் அப்போதுதான் சூட்டப்பட்டது. முதற்படமான ‘தி வேலியண்ட்’ ஆஸ்கார் பரிசுக்கு அவர் பெயரை முன்மொழியச் செய்தது. எனினும் படவுலகம் அவரை உடனே பற்றிக்கொள்ளவில்லை. அவர் மீண்டும் நாடகத்துக்கே திரும்பினார்.

1932-இல் வெளிவந்த இரு படங்கள் அந்நிலையை மாற்றின. ‘ஸ்கார்பேஸ்’ படத்தில், கொள்ளைத் தலைவன் அல் கபோனை நினைவூட்டும் கொடியவனாக அவர் நடித்தார். மற்றது, சங்கிலியிட்டுக் கைதிகளை வேலை வாங்கிய கொடுமையைக் காட்டிய படம். ஜார்ஜியா மாநிலச் சிறையிலிருந்து இருமுறை தப்பிய ராபர்ட் பர்ன்ஸ் என்னும் முன்னாள் போர்வீரர் எழுதிய நூலே அதற்கு ஆதாரம். எப்படிப் பிழைக்கிறாய் என்று காதலி கேட்க, திருடியே வாழ்வதாகச் சொல்லி நாயகன் இருளில் மறையும் முடிவுக் காட்சியைக் கண்டோர் எளிதில் மறப்பதில்லை. படம் நாடெங்கும் கொந்தளிப்பை எழுப்பியது. பர்ன்ஸை ஒப்படைக்க நியூ ஜெர்சி மாநிலம் மறுத்தது. 1945-இல் அவர் தண்டனை முடிவுக்கு வந்தது. ஒரு நடிகரின் கண்களில் தெரிந்த அச்சம் சட்டத்தின் கதவையும் தட்டும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

அடுத்து வந்தவை வரலாற்று வேடங்கள். லூயி பாஸ்டர் என்னும் விஞ்ஞானியாக நடித்தமைக்கு 1936-ஆம் ஆண்டின் சிறந்த நடிகர் ஆஸ்கார் விருது கிட்டியது. மறு ஆண்டு பிரெஞ்சு எழுத்தாளர் எமிலி ஜோலாவாக, இளமை முதல் முதுமை வரை, அவர் வாழ்ந்து காட்டினார். பொய்க் குற்றம் சுமத்தப்பட்ட யூத அதிகாரி டிரைபஸுக்காக ஜோலா வாதாடியதே அப்படத்தின் உயிர். விந்தை யாதெனில், யூதர் என்ற சொல் அப்படத்தில் ஒருமுறையும் ஒலிப்பதில்லை. ஒரு காகிதத்தில் கணப்பொழுது தோன்றி மறைவதோடு சரி. ஹிட்லரின் ஜெர்மனியில் அம்மக்கள் வதைக்கப்பட்ட காலத்தில், படமுதலாளிகள் காத்த அச்சமிகு மௌனம் அது. தாமும் யூதரான முனி, அம்மௌனத்தின் நடுவே நின்று நீதிக்காகக் குரல் எழுப்பினார். ஆண்டின் சிறந்த படம் என்ற ஆஸ்கார் விருதை அப்படம் வென்றது.

அதே 1937-இல் ‘தி குட் எர்த்’ படத்தில் சீன உழவராகவும் அவர் நடித்தார். சீனப் பாத்திரங்களுக்கு ஒப்பனையிட்ட வெள்ளையரை நிறுத்தி, ஆனா மே வாங் போன்ற சீன வம்சத்து நடிகைக்குத் தலைமை வேடம் மறுத்தது ஹாலிவுட்டின் குறையே. முனியின் திறமையைப் போற்றும் நாம் அக்குறையை மூடி மறைக்க வேண்டுவதில்லை.

அவர் உழைப்பு கடுமையானது. ஏற்ற மனிதரைப் பற்றிக் கிடைத்த நூல்களையெல்லாம் கற்பார். ஒரு காட்சி முடிந்ததும் இயக்குநரைப் பார்க்குமுன் மனைவி பெல்லாவின் முகத்தைப் பார்ப்பார். அம்மையார் தலையசைத்தால்தான் நிறைவு. இத்தகையவர் ஆண்டுக்குப் பல படங்களில் நடிப்பது எங்ஙனம்? வாழ்நாள் முழுவதிலும் அவர் நடித்த படங்கள் இருபதுக்குச் சற்றே மிகுதி.

1955-இல் ‘இன்ஹெரிட் தி விண்ட்’ நாடகத்தில், பரிணாமக் கொள்கையைக் கற்பித்த ஆசிரியருக்காக வாதாடும் வக்கீலாகப் பெரும் வெற்றி கண்டார். நாடகம் நடந்துகொண்டிருக்கையிலேயே கட்டி கண்டு, அவரது இடக் கண் அகற்றப்பட்டது. அறுபதை நெருங்கும் வயதில் ஒரு கண்ணை இழந்தவர் ஓய்வு கொள்வார் என்றே எவரும் நினைப்பர். அவரோ சில மாதங்களில் மேடைக்குத் திரும்பினார். அந்நடிப்புக்கு நாடக உலகின் டோனி விருதும் கிடைத்தது.

கடைசிப் படம் 1959-இல் வந்த ‘தி லாஸ்ட் ஆங்கிரி மேன்’. புரூக்ளினில் ஏழைகளுக்கு வைத்தியம் செய்யும் முதிய யூத டாக்டர் வேடம். பிரெஞ்சுக்காரராகவும் சீனராகவும் மெக்சிகோ தலைவராகவும் உருமாறியவர், இறுதியில் தம் இனத்து முதியவர் ஒருவராகவே திரையில் நின்றார். பன்னிரண்டு வயதில் ஒட்டிய முதுமை அறுபத்து நான்கில் தானே வந்து பொருந்தியது. அப்படத்துக்கும் ஆஸ்கார் முன்மொழிவு வந்தது. 1967 ஆகஸ்டு 25-ஆம் நாள் கலிபோர்னியாவில் அவர் மறைந்தார்.

பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த ஒரு சிறு கூட்டம், தன் மொழிக்கென வைத்திருந்த எளிய மேடைதான் உலகப் புகழ் பெற்ற அக்கலைஞரை வளர்த்தது. நம் சங்க மேடையிலும் ஆண்டுதோறும் பிள்ளைகள் பஞ்சுத் தாடி ஒட்டிக்கொண்டு கிழவராக வருகிறார்கள். தாடி பாதியில் கழன்று விழுந்தால் நாம் சிரிப்போம். ஆயினும் அவர்களை ஊக்க மறவாதிருப்போமாக.