மாநிலங்களவையில் ஒரு பறவை ஆய்வாளர்

புது தில்லி: கலைஞர்களும் எழுத்தாளர்களும் நிறைந்த மாநிலங்களவை நியமன உறுப்பினர் பட்டியலில் 1985-ல் ஒரு பறவை ஆய்வாளர் இடம்பெற்றார். அவர் சலீம் அலி.

1896-ல் பம்பாயில் பிறந்த அவர், சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, தாய்மாமன் அமீருதீன் தயாப்ஜியின் வீட்டில் வளர்ந்தார். விளையாட்டுத் துப்பாக்கியால் குருவிகளைச் சுடுவது அவரது பொழுதுபோக்கு. ஒருநாள் வீழ்த்திய குருவியின் தொண்டை மஞ்சளாக இருந்தது. ஐயம் தீர, மாமாவின் கடிதத்துடன் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் சென்றார். செயலர் மில்லார்ட் அதன் இனத்தைக் கூறியதுடன், பாடம் செய்த பறவைகளையும் காட்டினார். வாழ்வின் திசை அன்று மாறியது.

பட்டம் இல்லாததால் விலங்கியல் ஆய்வுத் துறையில் அரசுப் பணி கிடைக்கவில்லை. ஆயினும் காடுகளில் அலைந்து ஆய்வைத் தொடர்ந்தார். 1941-ல் இந்தியப் பறவைகள் பற்றிய அவரது நூல் வெளியானது.

சுதந்திரத்துக்குப் பின், பரத்பூர் நீர்நிலையை விளைநிலமாக்கும் கோரிக்கை எழுந்தது. பிரதமர் நேருவிடம் முறையிட்டு அதைக் காத்தார். மன்னர்களின் வேட்டைக்களமாக இருந்த அந்த இடம், 1985-ல் உலகப் பாரம்பரியச் சின்னமானது.

உறுப்பினர் பதவியில் இருந்தபோதே, 1987 ஜூன் 20-ல் தமது 90-வது வயதில் சலீம் அலி காலமானார்.