பினாங்கு தந்த பெருங்கலைஞர்

ஜார்ஜ்டவுனின் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் சாலையில் நடந்து செல்வோர், சிறிது தொலைவிற்குள்ளேயே ஒரு கிறிஸ்துவத் தேவாலயத்தையும் சீனர்கள் வழிபடும் குவான் யின் கோவிலையும் பள்ளிவாசலையும் காணலாம். பக்கத்துத் தெருவில் ஸ்ரீ மகாமாரியம்மன் ஆலயம் அமைந்துள்ளது. இதே நகரின் வேறொரு பகுதியில், தூண்களின்மேல் எழுப்பப்பட்ட எளிய மரவீடு ஒன்று அருங்காட்சியகமாகப் பாதுகாக்கப்பட்டு வருகின்றது. அவ்வீட்டில் வளர்ந்த சிறுவரே பின்னாளில் மலேசியர் அனைவரும் போற்றும் கலைஞரான பி. ரம்லி.

பி. ரம்லி 1929ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள் பினாங்கில் பிறந்தார். பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் தெயுக்கு சக்கரியா. தந்தையார் சுமத்திராவின் ஆச்சே பகுதியிலிருந்து வந்தவர். தாயார் கடலுக்கு அக்கரையிலுள்ள பட்டர்வொர்த் வட்டாரத்தைச் சேர்ந்தவர். தந்தையின் பெயரான ‘பூத்தே’ என்பதன் முதலெழுத்தே ரம்லியின் பெயருக்கு முன்னால் நிற்கும் ‘பி’ ஆயிற்று.

அன்றைய பினாங்கு பல நாட்டுக் கப்பல்கள் வந்துபோகும் துறைமுக நகரம். சரக்குகளோடு பாட்டும் கூத்தும் அங்கே வந்திறங்கின. இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்து உருவான ‘பங்சாவான்’ என்னும் மலாய் நாடகக்கலை பினாங்கில்தான் வேரூன்றியது. இத்தகைய சூழலில் வளர்ந்த ரம்லி, மலாய்ப் பள்ளியிலும் பின்னர் ஆங்கிலப் பள்ளிகளிலும் கல்வி கற்றார். ஜப்பானியர் ஆட்சியால் படிப்பு தடைப்பட்டபோதும் இசையார்வம் குன்றவில்லை. யுகுலேலே, கித்தார், வயலின் எனப் பல கருவிகளை ஒவ்வொன்றாகக் கற்றுத் தேர்ந்தார். கம்பத்து இளைஞர்களோடு சேர்ந்து இசைக்குழுவில் வாசித்தார்.

1948ஆம் ஆண்டில் அவரது வாழ்க்கை திசைமாறியது. புக்கிட் மெர்தாஜாமில் நடந்த விழா ஒன்றில் அவர் பாடியதை, பி. எஸ். ராஜான்ஸ் என்னும் இந்தியத் திரைப்பட இயக்குநர் கேட்டார். அக்குரலில் தனித்தன்மை இருப்பதை உணர்ந்து, அவரைச் சிங்கப்பூருக்கு அழைத்தார்.

சிங்கப்பூரின் ஜாலான் அம்பாசில் இருந்த படப்பிடிப்புக் கூடம் ஒரு குட்டி மலாயாவைப் போலவே விளங்கியது. அதன் உரிமையாளர்கள் சீனாவிலிருந்து வந்த ஷா சகோதரர்கள். இயக்குநர்களுள் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். திரையில் தோன்றியவர்கள் மலாய்க் கலைஞர்கள். திரைக்குப் பின்னால் பல இனத்தவரும் அருகருகே உழைத்தனர். ரம்லி முதலில் அங்கே பின்னணி பாடினார். சிறு வேடங்களில் நடித்தார். 1950இல் வெளிவந்த ‘பக்தி’ என்ற படத்தில் அவருக்குக் கதாநாயகன் வேடம் கிடைத்தது. அவ்வாய்ப்பை அளித்தவர் இயக்குநர் எல். கிருஷ்ணன். சென்னையில் பிறந்து, சிறுவயதிலேயே பினாங்குக்கு வந்து வளர்ந்தவர் அவர். ஒரே தீவில் வளர்ந்த இருவர், ஒருவர் படத்தை இயக்க மற்றவர் நடித்தனர்.

இக்கூட்டுறவில் உரசல்களும் இல்லாமலில்லை. இந்தியப் படக்கதைகள் மலாய் மக்களின் வாழ்க்கைக்குப் பொருந்தாமல் அப்படியே எடுக்கப்படுகின்றன என்ற குறை அக்காலத்தில் எழுந்தது. அக்குறையில் நியாயமும் இருந்தது. ரம்லி அதற்குத் தம் உழைப்பாலேயே விடை கண்டார். தமக்குத் தொழில் கற்றுத் தந்தவர்களை அவர் ஒதுக்கவில்லை. படப்பிடிப்பில் ஒளியமைப்பு, படத்தொகுப்பு, கதை சொல்லும் முறை ஆகியவற்றைக் கூர்ந்து கவனித்துக் கற்றார். 1955இல் தாமே இயக்கிய முதல் படமான ‘பெனாரிக் பெச்சா’வில் ஓர் ஏழைத் திரிசா ஓட்டுநரின் கதையைச் சொன்னார். பிறரிடம் கற்ற கலையைக் கொண்டு தம் மண்ணின் கதையைச் சொன்ன அப்படம் மக்களின் பேராதரவைப் பெற்றது.

தொடர்ந்து புகழ் வந்து குவிந்தது. பனி மஜும்தார் இயக்கிய ‘ஹங் துவா’ படத்தின் இசைக்காக 1956இல் ஆசியத் திரைப்பட விழாவில் அவருக்கு விருது கிடைத்தது. தந்தை, மகன் என இரு வேடங்களில் நடித்த ‘அனாக்கு சசாலி’ அடுத்த ஆண்டில் சிறந்த நடிகருக்கான விருதைப் பெற்றுத் தந்தது. தம் வாழ்நாளில் அவர் 60க்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார். சுமார் 250 பாடல்களை உருவாக்கினார். அவருடைய நகைச்சுவைப் படங்களைக் கண்டு மலாய்க்காரர், சீனர், இந்தியர் என எல்லா வீட்டாரும் சிரித்து மகிழ்ந்தனர்.

1964இல் ரம்லி கோலாலம்பூருக்குக் குடிபெயர்ந்து, மெர்டேக்கா படப்பிடிப்புக் கூடத்தில் பணியாற்றத் தொடங்கினார். அங்கே வசதிகள் குறைவு. ஜாலான் அம்பாசில் அவரோடு உழைத்த பல கைகள் இப்போது உடன் இல்லை. மக்கள் வண்ணப் படங்களையும் தொலைக்காட்சியையும் நாடிய காலத்தில், அவர் கறுப்பு வெள்ளைப் படங்களையே எடுத்து வந்தார். அந்நிலையிலும் 1968இல் ‘கெரிமிஸ்’ என்ற படத்தைத் துணிந்து எடுத்தார். மலாய் இளைஞர் ஒருவரும் இந்தியப் பெண் ஒருவரும் அன்பு கொள்வதையும், குடும்பத்தாரின் எதிர்ப்பால் அவர்கள் படும் துன்பத்தையும் காட்டும் கதை அது. அடுத்த ஆண்டே, மே 13ஆம் நாள், நாட்டில் இனக்கலவரம் மூண்டது. ஒருவரை ஒருவர் அறியாமல் வாழ்வதன் ஆபத்தை நாடு அன்று வருந்தி உணர்ந்தது.

இறுதிக் காலத்தில் ரம்லியின் படங்களுக்கு வரவேற்பு குறைந்தது, வருமானமும் சுருங்கியது. 1973ஆம் ஆண்டு மே 29ஆம் நாள், தமது 44ஆம் வயதில், மாரடைப்பால் காலமானார். வாழும்போது கைவிட்ட நாடு, அவர் மறைந்த பின்னரே அவரது அருமையை முழுமையாக உணர்ந்தது. சாலைகளுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 1990இல் ‘தான் ஸ்ரீ’ விருதும் வழங்கப்பட்டது. அவற்றைக் காண அவர் இல்லை.

ஊர் கூடித் தேர் இழுத்தால்தான் தேர் நிலை சேரும். ஆச்சேயிலிருந்து வந்த தந்தை, பட்டர்வொர்த் தாய், சீன முதலாளிகள், இந்திய இயக்குநர்கள், கம்பத்துத் தோழர்கள் எனப் பலரும் வடம் பிடித்த தேர் பி. ரம்லியின் கலை. ஒருவரிடம் ஒருவர் கற்று, ஒரே வேலையில் தோளோடு தோள் நின்றபோதுதான் அத்தேர் நகர்ந்தது. இன்று வகுப்பறையில் நம் பக்கத்தில் அமர்ந்திருக்கும் வேற்றினத் தோழரிடமிருந்து நாம் எதைக் கற்கிறோம், அவருக்கு எதைக் கற்றுத் தருகிறோம் என்று எண்ணிப் பார்ப்போம். அதுவே அக்கலைஞருக்கு நாம் காலந்தாழ்த்தாது செய்யும் மரியாதையாகும்.