தோல் நாற்காலியில் விழுந்த பந்துகள்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

பெரியகுளத்தைத் தாண்டி மலைப்பாதையில் ஏறினால் கொடைக்கானல். சென்ற ஆண்டு பள்ளிச் சுற்றுலா சென்றபோது, பேருந்தின் சன்னல் வழியே பரந்த பச்சைப் புல்வெளி ஒன்றைக் கண்டோம். அங்குள்ள கோல்ஃப் கழகம் 1895-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது என்று எங்கள் ஆசிரியை கூறினார். ஒருவர் குனிந்து நின்று, பந்தை மெதுவாகத் தட்டித் தட்டி விட்டுக்கொண்டிருந்தார். ஓங்கி அடிக்காமல் இது என்ன விளையாட்டு என்று நாங்கள் சிரித்தோம். அதற்குச் 'சிப்' என்று பெயராம். பந்து சற்றே எழும்பிக் கொஞ்ச தூரம் பறந்து, பின் தரையில் உருண்டு குழியை நெருங்க வேண்டும். நம் தெருச் சிறுவர்கள் கோலிக்குண்டைக் குழிக்கு விடும்போது போடுகிற அதே கணக்குத்தான்.

அன்று சிரித்த எனக்கு, பின்னர் பேப் டிட்ரிக்சன் என்ற பெண்மணியின் வரலாற்றைப் படிக்கும் வாய்ப்புக் கிடைத்தது.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் போர்ட் ஆர்தர் நகரில் 1911-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் நாள் பிறந்தவர் அவர். இயற்பெயர் மில்ட்ரெட். பெற்றோர் நார்வே நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள். தந்தை கப்பல் தச்சர். வீட்டில் ஏழு பிள்ளைகள். துடைப்பக் கட்டையின் இரு முனைகளிலும் பழைய இஸ்திரிப் பெட்டிகளைக் கட்டி, பிள்ளைகள் பளு தூக்கிப் பழகத் தந்தை வழி செய்தார். பேப் அண்டை வீடுகளின் வேலிச் செடிகளைத் தாண்டித் தாண்டி ஓடுவார். அந்தத் தாண்டல் வீண்போகவில்லை. 1932-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஈட்டி எறிதலிலும் 80 மீட்டர் தடை ஓட்டத்திலும் தங்கம் வென்றார். உயரம் தாண்டுதலில் வெள்ளி பெற்றார்.

ஒலிம்பிக் வீராங்கனைக்குக் கோல்ஃப் எளிதாக வந்திருக்கும் என்றுதான் நானும் எண்ணினேன். பந்தை வெகுதூரம் அடிக்க அவருக்கு வலிமை இருந்தது. ஆனால் குழிக்கு அருகே வந்தபின் வலிமையால் பயன் இல்லையே! அதற்குக் கை பழக வேண்டும். டல்லாஸ் நகரில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்த அவர், அதிகாலை ஐந்தரை மணி முதல் எட்டரை வரை பயிற்சி செய்துவிட்டு அலுவலகம் செல்வார். மதிய உணவை அவசரமாக முடித்துக்கொண்டு மேலாளரின் அறைக்குள் நுழைவார். அந்த அறையில் மட்டுமே தரைவிரிப்பு இருந்தது. விரிப்பின் மேல் பந்தை உருட்டிப் பழகுவார்; அங்கிருந்த தோல் நாற்காலியைக் குறியாக வைத்து, ஒவ்வொரு பந்தாக 'சிப்' செய்து அதில் விழச் செய்வார். மாலையில் மீண்டும் மைதானம், இருட்டும் வரை. உள்ளங்கை கொப்புளித்து இரத்தம் கசிந்தால் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு தொடர்வார். படுக்கைக்குப் போனாலும் கையில் விதிப்புத்தகம். (அந்த மேலாளர் கோபித்துக்கொள்ளாதது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது!)

1935-ஆம் ஆண்டு ஹூஸ்டன் நகரில் டெக்சாஸ் மாநில மகளிர் போட்டி நடந்தது. கோல்ஃப் அன்று செல்வந்தர் வீட்டுப் பெண்களின் விளையாட்டு. தச்சரின் மகள் அங்கு வந்ததைச் சிலர் விரும்பவில்லை. அதை வெளிப்படையாகவே காட்டிக்கொண்டார்கள். இறுதி ஆட்டம் பெக்கி சாண்ட்லர் என்பவருடன். மொத்தம் 36 குழிகள். 34-ஆவது குழியில் பேப் அடித்த பந்து தண்ணீர் தேங்கிய வண்டிச் சக்கரத் தடத்தில் விழுந்தது. எதிராளியின் பந்தோ குழிக்கு அருகே வந்துவிட்டது. பேப் சேற்றின் அருகே நின்று பந்தைத் தட்டினார். அது எழும்பி, தரையில் விழுந்து, உருண்டு உருண்டு நேராகக் குழிக்குள்ளேயே போய்விட்டது! நாற்காலி மேல் விழுந்த பந்துகளெல்லாம் அந்த ஒரு பந்துக்காகத்தான் போலும். பட்டம் அவருக்கே கிடைத்தது.

மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. மற்ற விளையாட்டுகளில் பணம் பெற்றவர் என்று கூறி, அதே ஆண்டு அமெரிக்கக் கோல்ஃப் சங்கம் அவரை அமெச்சூர் போட்டிகளிலிருந்து விலக்கியது. 1938-இல் ஜார்ஜ் சகாரியாஸ் என்ற மல்யுத்த வீரரை மணந்தார். 1943-இல் தான் அமெச்சூர் தகுதி திரும்பக் கிடைத்தது. 1946-இல் அமெரிக்க மகளிர் அமெச்சூர் பட்டம். 1947-இல் ஸ்காட்லாந்தின் கல்லேன் நகரில் பிரிட்டிஷ் மகளிர் பட்டம். அதை வென்ற முதல் அமெரிக்கப் பெண் அவரே. 1950-இல் பெண்களுக்கான தொழில்முறைக் கோல்ஃப் சங்கத்தை நிறுவிய 13 பேரில் அவரும் ஒருவர்.

1953-இல் அவருக்குக் குடலில் புற்றுநோய் என்று தெரிந்தது. அறுவை சிகிச்சை செய்து, வயிற்றில் வழி அமைத்துப் பை பொருத்தினார்கள். அக்காலத்தில் இந்நோயின் பெயரைக்கூட வெளியே சொல்லப் பலர் கூசினார்கள். பேப் மறைக்கவில்லை. நான்கு மாதங்களுக்குள் போட்டியில் இறங்கினார். 1954-இல் அமெரிக்க மகளிர் ஓபன் போட்டியை, அந்தப் பையுடனேயே ஆடி, 12 அடிகள் வித்தியாசத்தில் வென்றார். என் பாட்டியும் அதே நோயால் படுத்திருந்தவர் என்பதால் இந்தப் பகுதியை இரண்டு முறை படித்தேன்.

நோய் மீண்டும் வந்தது. 1956-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள், கால்வெஸ்டன் நகர மருத்துவமனையில் அவர் காலமானார். அப்போது வயது 45. அந்த அறையின் மூலையில், கைக்கு எட்டும் தூரத்தில், அவருடைய கோல்ஃப் மட்டைகள் சாத்தி வைக்கப்பட்டிருந்தன.