மையின்றி எழுதிய மடல்

மலருக்குப் பொருள் கற்பித்து அதனை மறைமொழியாக விடுக்கும் வழக்கம் ஐரோப்பாவிலே ஒரு காலத்திற் பெரிதும் பரவியிருந்தது. 1819 ஆம் ஆண்டிற் பாரிசு நகரில், சாளட் டி லத்தூர் என்னும் புனைபெயரில் வெளிவந்த மலர்மொழி நூல் பல பதிப்புக் கண்டது. இங்கிலாந்திலும் அத்தகைய அகராதிகள் பல எழுந்தன. கேற் கிறீனவே என்னும் ஓவியப் பெண்மணி படந்தீட்டிய சிறுநூல் 1884 இல் வந்தது. ஆயினும், இவ்வழக்கம் பற்றிய செய்தியை அந்நூல்களுக்கெல்லாம் நூறாண்டு முன்னரே கீழ்த்திசையிலிருந்து சுவைபட எழுதியனுப்பிய பெண்மணியை நினைப்பார் சிலரே. அவரே சீமாட்டி மேரி வொட்லி மொன்ரேகு. அம்மை நோயின் வரலாற்றிலே அவர் பெயரைப் படித்திருந்த யான், மலரின் வரலாற்றிலும் அப்பெயரைக் கண்டபோது வியப்புற்றேன்.

மேரி 1689 இல் இலண்டனிலே பிறந்தார். தந்தையார் ஈவ்லின் பியர்பொன்ற், பின்னாளிற் கிங்சுற்றன் கோமகன் ஆனவர். தாயை இளமையிலேயே இழந்த மேரி, பெண்ணுக்கு இலத்தீன் எதற்கு என்றிருந்த அக்காலத்தில், தந்தையாரின் நூலகத்துள் ஒதுங்கியிருந்து தாமே அம்மொழியைக் கற்றார். கல்வியை மறைத்துக் கற்றவர்க்குக் காதலையும் மறைத்தே வளர்க்க நேர்ந்தது. எட்வேட் வொட்லி மொன்ரேகு என்பாரோடு அவருக்குப் பல காலம் மறைவான கடிதப் போக்குவரத்து இருந்தது. பிறக்கப்போகும் மகனுக்கென இப்போதே சொத்தை எழுதிவைக்க எட்வேட் இசையாமையால், தந்தையார் அவரை மறுத்து வேறொரு மணமகனைத் தெரிந்தார். 1712 இல் மேரி வீட்டை நீங்கி எட்வேட்டை மணந்தார். அகப்பொருள் நூலார் உடன்போக்கு என்பது இதனையே. அத்துணை துணிந்து அடைந்த கணவர் அத்துணை அன்பு பாராட்டினாரோ என்றால், இல்லை என்றே சொல்லல் வேண்டும்.

1713 இல் அவருடைய ஒரே தம்பி வைசூரியால் மாண்டார். 1715 இன் இறுதியில் அந்நோய் மேரியையும் பற்றியது. உயிர் தப்பினார், ஆயின், இலண்டன் வியந்த முகத்திலே வடுக்கள் நிலைத்தன, கண்ணிமை மயிரும் உதிர்ந்து போயிற்று.

மறுவருடம் எட்வேட் துருக்கிக்குத் தூதராக நியமனம் பெற்றார். வியன்னா, பெல்கிறேட், அதிரியானோப்பிள் வழியாக 1717 இற் கொன்ஸ்தாந்திநோப்பிள் சேர்ந்த மேரி, அங்குள்ள ஏனைத் தூதர் மனைவியரைப்போல வீட்டினுள் அடைந்திருந்தாரல்லர். துருக்கி மொழி பயின்றார். அந்நாட்டு உடையும் முகத்திரையும் அணிந்து வீதிகளிலே திரிந்தார். எவர் போகின்றார் என எவரும் அறியவொண்ணாத அத்திரை, துருக்கிப் பெண்களுக்குத் தம் நாட்டுப் பெண்களுக்கில்லாத விடுதலையைத் தருகின்றது என்பது அவர் துணிபு. இதனை முற்றாக ஏற்க என்னால் இயலவில்லை. ஆயினும், தந்தை கண்ணுக்கு மறைந்து கடிதம் எழுதிய ஒருவருக்கு அவ்வெண்ணம் தோன்றியதில் வியப்பில்லை.

1718 மார்ச்சு மாதம் 16 ஆந் திகதியிட்ட கடிதமொன்றில், துருக்கிக் காதல் மடல் ஒன்று வேண்டுமெனக் கேட்ட தோழிக்கு அவர் விடை எழுதினார். அம்மடல் எழுத்தன்று, ஒரு சிறு பை. முத்து, கராம்பு, கடதாசி, பேரிக்காய், சவர்க்காரம், கரி, வைக்கோல், கறுவா, தலைமயிர், மிளகு என 15 இற்கு மேற்பட்ட பொருள்கள் அதனுள் இருந்தன. பூக்கள் இரண்டே: ஒன்று ரோசா, மற்றது நார்சிசு இனத்து மஞ்சட்பூ. பையிலிருந்து முறைப்படி ஒவ்வொன்றாக எடுக்க, ஒவ்வொன்றுக்கும் உரிய செய்யுளடி நினைவுக்கு வரும். அடிகள் சேர்ந்து கடிதமாகும். ஊடலும் நட்பும் ஊர்ச்செய்தியும் விரலில் மை படாமலே இவ்வாறு அனுப்பலாம் என்று மேரி மகிழ்ந்து எழுதினார்.

இங்கே யாப்பிலக்கணம் படிப்பிப்போனாகிய எனக்கு மிகவும் இன்பந் தந்த செய்தி ஒன்றுண்டு. மலரின் நிறமும் மணமும் தன்மையுமே அதன் குறிப்புப் பொருளுக்குக் காரணம் என்று யான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். துருக்கியர் முறை அதுவன்று. அது இயைபுத்தொடையால் அமைந்தது. பேரிக்காய்க்கு அவர்கள் மொழியில் அர்முத் என்று பெயர்; உமுத் என்றால் நம்பிக்கை. ஆகவே பேரிக்காய் கண்டவுடன், நம்பிக்கை தருக என வேண்டும் அடி நினைவுக்கு வரும். மிளகு பிபேர், செய்தி ஹபேர். ஆகவே பையின் கடைசியில் மிளகு கிடந்தால், மறுமொழி விடுக என்பது பொருள். ரோசாவோ இன்னும் நயமுடையது. குல் என்னும் ஒரே சொல் அம்மலரையும், சிரிப்பாயாக என்னும் ஏவலையும் குறிக்கும். அம்மொழியறியாதவன் கையில் அப்பை அகப்பட்டால், கடைச்சாமான் என்றே எண்ணுவான். இதனினும் சிறந்த மறைப்பு வேறு யாது?

ஐரோப்பியர் இதனைச் செலாம் என்று வழங்கினர். ஆனால் கரியையும் சவர்க்காரத்தையும் வீசிவிட்டுப் பூவை மட்டும் எடுத்துக்கொண்டனர். இயைபோ அவர்கள் மொழிக்கு வரவேயில்லை. துருக்கிமொழி வல்லுநரான ஹாமர் என்னும் அறிஞர் 1809 இல் இதனை ஆராய்ந்து, இது காதலர் தூதன்று, அந்தப்புரப் பெண்கள் தம்முள் ஆடிய விளையாட்டே என்றார். அஃது உண்மையாயினும் மேரிக்குக் குறைவில்லை. தாம் கண்டதை அவர் கூட்டியும் குறைத்தும் மலர் அகராதி ஆக்கினாரல்லர். அவ்வேலையைச் செய்தவர் பிற்காலத்துப் புத்தக வியாபாரிகளே.

அதே மார்ச்சு மாதத்திலேதான் அவர் மற்றொரு பெருஞ்செயலும் செய்தார். அந்நாட்டு முதியபெண்கள் வைசூரிப் பாலைக் கொட்டையோட்டில் ஏந்திவந்து, ஊசியாற் கீறித் தோலினுட் செலுத்தி, கடுநோய் வாராமற் காத்தலை அவர் முன்பே கண்டு, சேரா சிசுவெல் என்னும் தோழிக்கு எழுதியிருந்தார். இப்போது தம் சிறு மகனுக்கு, தூதரகத்து மருத்துவர் மெயிற்லாந்து முன்னிலையில், அதனைச் செய்வித்தார். 1721 இல் இலண்டனில் வைசூரி பரவியபோது மகளுக்கும் செய்வித்தார். மருத்துவர் பலர் எள்ளினர். மறுவருடம் அரசகுலப் பெண்மக்கள் இருவருக்கும் அது செய்யப்பட்டது. அக்கடிதத்தைப் பெற்ற சேரா சிசுவெல் 1726 இல் வைசூரியாலேயே இறந்தார்.

கவிஞர் போப்போடு அவருக்கிருந்த நட்பு பகையாய் முடிந்த கதை நீண்டது, இங்கு வேண்டா. 1739 இல் நாட்டைவிட்டு நீங்கி, இருபது ஆண்டுக்கு மேல் இத்தாலியிலும் பிரான்சிலும் வாழ்ந்தார். கணவர் இறந்தபின் ஊர் திரும்பும் வழியில், 1761 இன் முடிவில், ரொற்றடாம் நகரிலே துருக்கிக் கடிதங்களின் கையெழுத்துப் படியை ஒரு போதகர் கையில் ஒப்படைத்தார். 1762 ஓகத்து மாதம் இலண்டனில் மார்புப் புற்றுநோயால் உயிர் நீத்தார். மருமகனார் பியூற் பிரபு அப்போது பிரதம மந்திரி. சீமாட்டி ஒருத்தியின் எழுத்து அச்சேறுவது குடும்பத்துக்கு இழுக்கெனக் கருதி, அக்கையெழுத்தை அவர்கள் விலைக்கு வாங்கினர். எனினும் எவ்வாறோ அதன் படி வெளிப்பட்டு 1763 இல் நூலாயிற்று. மலர்க் கடிதமும் அதனுள் இருந்தது.

நெடுங்காலம் மேரி எழுதிவந்த நாட்குறிப்பு மகளின் பெட்டியிற் பூட்டிக் கிடந்தது. 1794 இல் தாம் இறப்பதற்குச் சிறிது முன்னர் மகள் அதனைத் தீயிலிட்டார். மலர்க் கடிதம் எழுதப்பட்ட ஆண்டின் தொடக்கத்தில், கொன்ஸ்தாந்திநோப்பிளிலே பிறந்த மகள் அவர்.