கஞ்சி கொடுத்த கைகள்

1687-இல் கோவாவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த யோசப் வாஸ் அடிகளார் ஏழைக் கூலியாளின் கோலத்தில் இருந்தார். ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கக் குருக்களுக்கு அங்கே இடமில்லை. வந்ததுமே கடும் வயிற்றோட்டம் அவரை வீழ்த்தியது. முன்பின் அறியாத பெண் ஒருவர் கொடுத்த கஞ்சியே அவரைக் காத்ததாக வரலாறு கூறுகிறது.

1692-இல் கண்டியில் போர்த்துக்கேய ஒற்றர் என்று சிறைப்படுத்தப்பட்டார். 1697-இல் அந்நகரில் பெரியம்மை பரவியபோது உறவினரே நோயாளிகளைக் கைவிட்டு ஓடினார்கள். அடிகளாரோ அங்கேயே தங்கி அவர்களுக்கு உணவூட்டினார், புண்களைக் கழுவினார், இறந்தோரை அடக்கம் செய்தார். தாம் பெற்ற இரக்கத்தை அவர் திருப்பிக் கொடுத்ததை இங்கே காண்கிறோம்.

1711-இல் கண்டியில் இறந்த அவரைத் திருச்சபை 2015-இல் புனிதராக உயர்த்தியது.

நோயிலும் இழப்பிலும் நமக்குக் கஞ்சி நீட்டிய கைகளை நினைப்போம். அதை அடுத்த வீட்டில் படுத்திருப்பவருக்குக் கொண்டு செல்வதே நாம் செலுத்தும் நன்றி.